கணவரோடு கடல் கடக்கும் உங்கள் மாணவிகள்: கொங்கு நாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் கல்லூரி நடத்தும் மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மஞ்சள் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, உங்கள் கல்லூரிகளுள் ஒன்றில் 2009 முதல் 2013 வரை ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரின் ஆர்டர் சரக்காகி அனுப்பப்படும்வரை கவனிப்பவராகப் பணியாற்றியவள் நான். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் என் வேலையை விட்டுவிட்டு, நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள எஸ்லிங்கன் நகருக்கு 2021இல் அவரோடு வந்து சேர்ந்தேன். இங்கே எனக்கென்று ஒரு வேலை அமைய மூன்று ஆண்டுகள் ஆயின. அவற்றில் ஏறத்தாழ ஓராண்டு, ஊரிலிருந்து வரவேண்டிய காகிதங்களுக்காகக் காத்திருந்ததிலேயே கழிந்தது. கல்லூரி அலுவலகங்கள் மனம் வைத்திருந்தால் அந்த ஓராண்டு மிச்சமாகியிருக்கும் என்று உறுதியாக நம்புவதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

துணையாக வருபவர் வேலை செய்யலாமா என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் எச்-1பி பணி விசா பெற்றவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவருக்கு, கணவரின் நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பணி அனுமதி கிடைக்கும். அதுவும் 2015 மே மாதத்திலிருந்துதான் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் 2021 மே முதல், துணையாக வந்தவரும் பொதுவாகத் தனக்கெனத் தனிப் பணி அனுமதி பெற்றாக வேண்டும். ஜெர்மனியிலோ, உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான புளூ கார்டு என்ற அனுமதி பெற்றவரின் மனைவி வந்த நாள் முதல் எந்த வேலையும் செய்யலாம். விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றுகூடக் கேட்பதில்லை. அந்தச் சலுகையை நம்பி மொழியின் அரிச்சுவடிகூடத் தெரியாமல் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. கோவையிலேயே ஜெர்மன் கற்பிக்கும் கோதே மையம் இருந்தும், மூட்டை கட்டுவதில் காட்டிய அக்கறையில் கால்பங்கைக்கூட மொழிக்கு நான் காட்டவில்லை. இங்கே வந்தபின் அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் 700 மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். அது என் தவறு. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை.

சான்றிதழ்களின் கதை வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் தரம் பிரித்துக் காட்டும் அனாபின் என்ற தரவுத்தளத்தை ஜெர்மனி வைத்திருக்கிறது. அதில் தெளிவு கிடைக்காதவர்கள், பான் நகரில் உள்ள மைய அலுவலகத்துக்குப் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியல்களையும் அனுப்பி மதிப்பீட்டுச் சான்று பெறவேண்டும். எனக்கு முதல் சிக்கல் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2007இல் பிரிக்கப்பட்டு, கோவைப் பிரிவின் பெயர் 2010இல் மாற்றப்பட்டு, 2012இல் எல்லாம் மீண்டும் ஒன்றாக்கப்பட்டதை நாம் அறிவோம். என் மதிப்பெண் பட்டியல்களில் பெயர் ஏன் மாறிக்கொண்டே வருகிறது என்பதை இங்குள்ளவர்களுக்கு யார் விளக்குவது? அடுத்த சிக்கல் என் பெயரில். சான்றிதழில் என் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியலாக நிற்கிறது. முதல் கடவுச்சீட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்தது. திருமணத்துக்குப் பின் அந்த இடத்தில் கணவர் பெயர் வந்தது. தமிழ்நாட்டில் யாரும் கேள்வி கேட்காத இந்த வழக்கம், குடும்பப் பெயரைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் நாட்டில் என்னை மூன்று பெண்களாக்கிவிட்டது.

இரண்டையும் விளக்கி ஒரு பக்கக் கடிதம் தருமாறு கல்லூரிக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. மஞ்சள் வேகவைக்கும் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, என் அதிகாரக் கடிதத்தோடு அப்பா பேருந்தில் மூன்று முறை போய்வந்தார். மூன்று முறையும் கிடைத்த பதில், "பொண்ணு நேர்ல வரோணுமுங்க" என்பதுதான். அறுபத்தெட்டு வயதில் அந்த அலுவலக வாசலில் அவர் காத்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கடைசியில் ஒரு விடுமுறையில் நானே ஊருக்கு வந்து, ஒரே நாளில் அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தமக்குச் சரக்கு அனுப்பும் ஆலைகளில் மனித உரிமையும் சுற்றுச்சூழலும் காக்கப்படுகின்றனவா என்று கவனிக்கவேண்டும் என, ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2024இல் விரிவானது. 2023இல் அது மூவாயிரம் பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்தது. எனக்கு வேலை கிடைத்தது அந்தத் துறையில்தான். நிட்டிங், சாயம், கட்டிங், பவர்டேபிள் எனப்படும் தையல், செக்கிங், அயர்னிங் என ஒரு பனியன் எத்தனை கைகள் மாறுகிறது என்பதும், அவற்றில் எந்தக் கை ஜாப் ஒர்க்காக வெளியே போகிறது என்பதும் இங்குள்ள என் சக பணியாளர்களுக்குத் தெரியாது. எனக்கு அது தெரியும். திருப்பூரில் கற்றதே இங்கே எனக்குப் புதிய தொழிலாயிற்று. இப்படிப்பட்ட அறிவோடு வந்து, சான்று கைக்கு வராததால் வீட்டிலேயே இருக்கும் கொங்குப் பெண்கள் என் பழக்கத்திலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

எனவே தங்களிடம் நான் கேட்பது இவைதான். பட்டச் சான்றுக்கு விண்ணப்பம் வாங்கும்போதே, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைச் சரிபார்க்கச் சொல்லி, இனிஷியலின் விரிவைக் குறிப்பிடும் ஒரு கடிதத்தை முத்திரையிட்டுக் கொடுத்தனுப்புங்கள். பாடத்திட்டத்தை ஆண்டுவாரியாகச் சேமித்து வையுங்கள்; எட்டு, பத்து ஆண்டுகள் கழித்தும் அதைக் கேட்டு வருவார்கள். அதிகாரக் கடிதத்தோடு வரும் தாய் தந்தையரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முன்னாள் மாணவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வெளிநாட்டில் வேலை பெற்ற மாணவர்களின் படங்களை அவிநாசி சாலை நெடுகப் பதாகைகளில் வைக்கிறீர்கள். அவர்களை மணந்து உடன் செல்லும் பெண்களில் பலர் அதே வகுப்புகளில் படித்தவர்கள் என்பதையும் அன்புகூர்ந்து நினைவில் கொள்ளுங்கள்.

இறுதியாண்டு மாணவிகளுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கும் எந்தக் கல்லூரிக்கும் இணையவழியில் பேச நான் தயாராக இருக்கிறேன். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. உங்கள் வகுப்பு நேரத்துக்கு ஒத்துவரும்.

பணிவுடன்,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தி,
எஸ்லிங்கன்.