பெயிண்ட் காய்வதற்குள்

நியூகாசில், ஆஸ்திரேலியா
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

போன மாதம் நீ அனுப்பிய நீளமான மெயிலுக்கு வாட்ஸாப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். கோபம் இருக்கும். இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. வெளியே கப்பலின் சரக்கு ஹோல்டுக்குள் நிலக்கரி கொட்டிக்கொண்டிருக்கிறது, போர்ட்ஹோலை இறுக்கி மூடியும் மேஜைமேல் கறுப்புத்தூள். நாளை மதியம் கிளம்பிவிடுவோம்.

அத்தையின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டில் சொன்னார்கள். இனி மாடிப்படி ஏறவிடாதே. என் மூத்தவள் பிளஸ் டூ. எஞ்சினியரிங் வேண்டாமாம், கப்பல் வேண்டவே வேண்டாமாம். அப்பாவை வருடத்தில் ஆறு மாதம் போனில் மட்டும் பார்த்து வளர்ந்தவள், வேறென்ன சொல்வாள்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பிஎஸ்சி இன்ஸ்பெக்ஷனுக்கு, அதாவது துறைமுக நாட்டு அதிகாரிகள் ஏறிப் பார்க்கும் சோதனைக்கு, கப்பலையும் ஆட்களையும் எப்படித் தயார் செய்வது என்று காலேஜில் பசங்கள் கேட்கிறார்கள், ஒரு லிஸ்ட் அனுப்பு என்றாய். லிஸ்டுக்கு என்ன பஞ்சம்? எங்கள் ஆபீஸ் அனுப்பியதே நாற்பது பக்கம். அதில் இல்லாததை எழுதுகிறேன். நேற்றுதான் இங்கே இன்ஸ்பெக்ஷன் முடிந்தது, சூடு ஆறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இருந்த கப்பலில் இருந்து ஆரம்பிக்கவேண்டும். உனக்கு இதைச் சொன்னதில்லை. அங்கேயும் ஆஸ்திரேலியாதான் வரவிருந்தோம். கரைக்கு ஐந்து நாள் இருக்கும்போது மெயில்மேல் மெயில்: ஒரு டிஃபிஷியன்ஸிகூட, ஒரு குறைகூட வரக்கூடாது. உடனே எல்லோரும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கினோம். காலை ஆறுக்கு இறங்கியவர்கள் இரவு பத்து, பதினொன்று வரை மேலே வரவில்லை. நான்காம் நாள் ராத்திரி ஃபிட்டர் ஒரு பிராக்கெட்டை கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கண் சொக்கிவிட்டது. டிஸ்க் கையுறையைக் கிழித்துக் கட்டைவிரல் அடியில் இறங்கியது. ஏழு தையல், செகண்ட் ஆபீசர்தான் போட்டார்.

இன்ஸ்பெக்ஷனில் ஜீரோ. ஆபீசில் இருந்து பாராட்டு மெயில் வந்தது, குக் கேக் செய்தார். அந்த மாத ஓய்வு நேரத் தாளில் ஃபிட்டர் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்த்ததாக இருந்தது. கீழே சீஃப் எஞ்சினியர் என்று என் கையெழுத்து.

நீ கரை ஏறியது 2008. அப்போது இந்தத் தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இப்போது அப்படி இல்லை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்கவேண்டும். உன் காலத்தில் வாரக் கணக்கை 70 மணி வரை இறக்கிக்கொள்ளலாம். மாலுமிப் பயிற்சி, வாட்ச் விதிகளுக்கு மணிலா திருத்தம் வந்து 2012-ல் இருந்து அது 77. 2013-ல் கடல் தொழிலாளர் உடன்படிக்கை அமலுக்கு வந்ததும் சம்பளம், ஒப்பந்தம், சாப்பாடு, படுக்கை எல்லாமே இன்ஸ்பெக்டரின் கணக்கில் சேர்ந்துவிட்டன. 2024-ல் செப்டம்பர் தொடங்கி மூன்று மாதம், துறைமுகச் சோதனைக்காகச் சேர்ந்த பாரிஸ், டோக்கியோ இரண்டு குழு நாடுகளும் சம்பளத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் மட்டுமே குறிவைத்துத் தனியாக ஒரு சோதனை நடத்தின.

ஆக, எங்கள் கூத்தைப் பார். ஆட்கள் சோர்ந்து விபத்து நடக்கக்கூடாது என்பதற்காக ஒரு இன்ஸ்பெக்ஷன். அதில் தேறுவதற்காக ஆட்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறோம். அப்புறம் தூங்கினார்கள் என்று எழுதிக் காட்டுகிறோம்.

இந்தத் தடவை ஜப்பானில் சரக்கை இறக்கியதும் கேப்டனிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு வாரப் பயணம் இருக்கிறது, எஞ்சின் ரூமில் தினமும் ஒரே ஒரு சிஸ்டம்தான் பார்ப்பேன், கடைசி மூன்று நாள் வாட்ச் தவிர வேறு வேலை கிடையாது, பெயிண்ட் தொடமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "டிஃபிஷியன்ஸி வந்தால் நீங்கள் பேசுங்கள் சீஃப்" என்றார். சரி என்றேன். சீஃப் ஆபீசருக்குத்தான் மனசில்லை. தன் டெக் ஆட்களை வைத்து ஃபனல் (புகைபோக்கி) பக்கம் எல்லாம் பளபளவென்று அடித்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, கேங்வே ஏணியில் ஏறி வருகிறவரின் கண்ணில் முதலில் படுவது அவருடைய டெக்தானே.

தினமும் ஒன்று என்றால் நிஜமாகவே ஒன்று. எமர்ஜென்ஸி ஜெனரேட்டர் நாளில் அது மட்டும். பிரேக்கரைத் தூக்கிக் கப்பலை இருட்டாக்கிவிட்டுக் கையில் வாட்சோடு நின்றோம். 45 விநாடிக்குள் தானாக ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கவேண்டும் என்பது விதி, 22-ல் எடுத்தது. மறுபடி இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். செகண்ட் எஞ்சினியர் பொத்தானை அழுத்தினால் எல்லாம் வேலை செய்யும், அது பெரிய விஷயமில்லை. நேற்றுச் சேர்ந்த ஆயிலர் அழுத்தத் தெரிந்திருக்கவேண்டும்.

லைஃப்போட்டும் அப்படித்தான். பல்க் கேரியரில் இப்போது பின்பக்கம் சரிந்து நின்று அப்படியே கடலில் பாயும் ஃப்ரீஃபால் போட், நீயும் நானும் ஏறிய, கயிற்றில் தொங்கவிட்டு இறக்கும் டேவிட் போட் மாதிரி இல்லை. உள்ளே போட் பாயும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துக் கட்டவேண்டும். பெல்ட் கட்டுவதற்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்தேன், பசங்கள் சிரித்தார்கள். 2012 நிலம் புயலில் சென்னை எலியட்ஸ் கடற்கரையில் தரைதட்டிய பிரதிபா காவேரியைப் பற்றிச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. நீயும் நானும் அப்போது டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோமே. லைஃப்போட்டில் இறங்கியவர்கள் அது கவிழ்ந்து கடலில் விழுந்தார்கள், சிலர் திரும்பவே இல்லை. கப்பலிலேயே தங்கியவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் தூக்கியது.

நேற்று வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். கேங்வேயில் ஏறியதும் நின்று வலையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். வாட்சில் இருந்த ஏபி (டெக் மாலுமி) அடையாள அட்டை கேட்டதும் சிரித்துக்கொண்டே நீட்டினார். காபி வேண்டாம் என்றுவிட்டார்.

பேப்பரில் அவர் போன வழி பசங்களுக்குத் தெரியவேண்டும். சர்டிஃபிகேட்டைச் சீக்கிரம் புரட்டி முடித்தார். அப்புறம் ஓய்வு நேரத் தாளை ஒரு பக்கம், ஆயில் ரெக்கார்ட் புக்கை மறுபக்கம் வைத்துக்கொண்டார். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்லட்ஜ் (எண்ணெய்க் கசடு) மாற்றியதாக எழுதியிருந்தால் அந்த நேரத்தில் அந்த ஆள் தாளில் தூங்கிக்கொண்டிருக்கக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் தாளில் தேர்ட் எஞ்சினியருக்கு இரண்டு நாள் சிவப்பு, அதாவது ஓய்வு குறைவு: நடுராத்திரி ஜெனரேட்டர் மக்கர் செய்ததும், மறுநாள் அவருக்குக் கொடுத்த ஓய்வும் அப்படியே எழுதியிருந்தோம். அந்த இடத்தில் விரலை வைத்து, "ஏன்?" என்றார். சொன்னேன். தேர்டைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார். பக்கத்தைத் திருப்பிவிட்டார். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

கீழே இறங்கினோம். எண்ணெய் நீர் பிரிப்பான் பக்கம் போய் வெளியே விடும் தண்ணீரில் எண்ணெய் மிஞ்சினால் அடிக்கும் 15 பிபிஎம் அலாரத்தைச் சோதித்துவிட்டு, பைப் ஃப்ளாஞ்சுகளின் போல்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். புதுப் பெயிண்ட் இருந்தால்தான் அங்கே சந்தேகம், பைப்பைக் கழற்றித் திருட்டு வழி போட்டார்களோ என்று. அப்படி எதுவும் இல்லை. மெஸ்மேனை மடக்கி, எஞ்சின் ரூமில் தீயணைக்கும் சிஓ2 வாயுவுக்கான சைரன் கேட்டால் என்ன செய்வாய் என்றார். "வெளியே ஓடி மஸ்டர் ஸ்டேஷன் போவேன், யாரையும் தேடி உள்ளே போகமாட்டேன்" என்றான் அந்தப் பிலிப்பைன்ஸ் பையன். கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அப்புறம் மேலே போய் எஞ்சின் ரூம் வென்டிலேட்டரின் காற்றுவழியை அடைக்கும் டாம்பரின் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. நான் இழுத்தேன், அசையவில்லை. பளபளவென்ற அந்தப் புதுப் பெயிண்ட் கீலுக்குள் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டது! தீப்பிடித்தால் அதை மூடினால்தான் சிஓ2 உள்ளே நிற்கும். டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன் சுத்தியலோடு ஓடிவந்தார். சீஃப் ஆபீசர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் டாம்பர் என் கணக்கு. பெயிண்ட் தொடமாட்டேன் என்று பெருமையடித்தவன், அடித்து முடித்தபின் ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கவேண்டாமா?

இன்னொன்று முழுக்க என்னுடையது. எண்ணெய் டேங்கின் அளவு பார்க்கும் சவுண்டிங் பைப்பில் எடைக்குண்டு வைத்த காக் வால்வு இருக்குமே, கையை விட்டால் தானாக மூடிக்கொள்வது. அளக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும் என்று சோம்பல்பட்டு, யாரோ கம்பியால் கட்டித் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வழியாக நான் தினமும் போகிறேன். கம்பியில் துருகூட ஏறியிருந்தது. டேங்க் நிரம்பி வழிந்தால் எண்ணெய் அங்கேதான் பீய்ச்சும் என்று உன் முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இரண்டு டிஃபிஷியன்ஸி, இரண்டுக்கும் கோட் 17, கிளம்பும் முன் சரிசெய்யவேண்டும். கப்பலைப் பிடித்துவைக்கும் டிடென்ஷன் இல்லை. சாயங்காலத்துக்குள் முடித்து போட்டோ அனுப்பிவிட்டோம். ஆபீசில் இருந்து சூப்பரின்டென்டன்ட் கூப்பிட்டு, போன கப்பலில் ஜீரோ வாங்கியவர் நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். அந்த ஜீரோவைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று இருக்கிறேன், வார்த்தை வரவில்லை.

பசங்கள் இதெல்லாம் ஏன் என்று கேட்டால் 1978-ல் இருந்து தொடங்கு. பிரான்ஸின் பிரிட்டானி கரையில் அமோகோ காடிஸ் உடைந்து இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டிய பிறகுதான், கொடி கொடுத்த நாட்டை மட்டும் நம்பிப் பயனில்லை, எங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பலை நாங்களே பார்க்கிறோம் என்று 1982-ல் பாரிஸ் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா இருக்கும் இந்தியப் பெருங்கடல் குழுவின் அலுவலகம் கோவாவில் இருக்கிறது என்றும் சொல், பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஃபிட்டர் கதையையும் சொல். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை.

பொங்கலுக்கு முன்னால் சைன் ஆஃப் ஆகிவிடுவேன் என்று நினைக்கிறேன். மக்ரூன் ஒரு கிலோ வாங்கி வை. போன தடவை மாதிரி அரைக் கிலோவை வைத்துவிட்டு, கடையில் இவ்வளவுதான் இருந்தது என்று கதை விடாதே.

உன் பழைய ரூம்மேட்

பி.கு: அந்தக் கம்பியை எறியவில்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது.