கடனை அடைக்கும் முன் கையிருப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதார மந்தத்தைச் சமாளிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கையில் மிஞ்சும் பணத்தையெல்லாம் போட்டு வீட்டுக்கடனை அடைக்கச் சொல்கிறது. கிரெடிட் கார்டு பாக்கிக்கும் பெர்சனல் லோனுக்கும் அது சரியான யோசனைதான். வீட்டுக்கடனுக்கு அப்படிச் செய்தால், வேலை போகக்கூடிய நேரத்தில் குடும்பம் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

வீட்டுக்கடனில் முன்கூட்டியே மூன்று லட்சம் கட்டினால், வங்கி வழக்கமாகத் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும். மாதத் தவணை அப்படியே இருக்கும். அடுத்த மாதமே சம்பளம் நின்றாலும் அதே தொகையைக் கட்டியாக வேண்டும். "இப்போதுதானே மூன்று லட்சம் கட்டினேன், நாலு மாதம் பொறுங்கள்" என்றால் வங்கி ஏற்காது. கட்டிய பணமும் கைக்குத் திரும்பாது. ஓவர்டிராஃப்ட் வசதியோடு சேர்ந்த வீட்டுக்கடன் மட்டும் விதிவிலக்கு. அதில் போட்டதைத் திரும்ப எடுக்கலாம்.

கையிருப்பு இல்லாததன் விலை என்ன என்பதை 2020-இல் பார்த்தோம். ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர் என்று அடுத்தடுத்த இரு காலாண்டுகளில் நாட்டின் உற்பத்தி சுருங்கியது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிப்போனது தவணை மட்டும்தான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 30 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 25,093 ரூபாய். கடன் வாங்கிய புதிதில் ஆறு மாதம் கட்டாமல் விட்டால் சுமார் 1,22,000 ரூபாய் வட்டி அசலோடு சேரும். அதன்பின் அதே தவணையைக் கட்டினால், கூடுதலாக 26 தவணை கட்ட வேண்டிவரும். ஏறத்தாழ ஆறரை லட்சம்! இதே கடனில் 15 ஆண்டு கட்டி முடித்து, கடைசி ஐந்தாண்டு மட்டும் பாக்கி இருப்பவர் அதே ஆறு மாதத்தைத் தள்ளிப்போட்டால் கூடுவது மூன்றே தவணை. புதிய கடனில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு, வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு ஏற்றது. மேலே சொன்ன புதிய கடனில் அந்தச் சலுகை 2,018 ரூபாய். மீதி 1,20,000 ரூபாய் வட்டி கடன்காரர் தலையில்தான் விழுந்தது.

அந்த ஆறு மாதமும் வட்டியான 20,000 ரூபாயை மட்டுமாவது கட்டியிருந்தால், கடன் ஆறு மாதம் தள்ளி முடிந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குத் தேவைப்பட்டது 1,20,000 ரூபாய் ரொக்கம். அதைத்தான் பல குடும்பங்கள் முன்பே வீட்டுக்கடனுக்குள் போட்டு முடக்கிவிடுகின்றன.

கையிருப்பைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது தவறு. நிறுத்தவே முடியாத செலவை வைத்துக் கணக்கிட வேண்டும். தவணை அல்லது வாடகை 25,000, மளிகை, பால், காய்கறி 14,000, பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 6,000, மின்சாரம், கேஸ், போன் 4,000, மருந்து 3,000, காப்பீட்டு பிரீமியம் 3,000 என்றால் மாதம் 55,000. ஆறு மாதத்துக்கு 3,30,000. இதில் ஒரு மாதத் தொகை சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மிச்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் ஐம்பதாயிரம், ஐம்பதாயிரமாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் அந்த ஒன்றின் வட்டியில் மட்டும்தான் பிடித்தம் விழும், மற்றவை தொடரும். கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கணக்கு இருக்க வேண்டும். வங்கி முடங்கினால் கைகொடுக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டாலும் அது ஒரே கணக்காகத்தான் பார்க்கப்படும்.

பங்குச்சந்தையில் இருக்கும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட மும்பை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டது உண்மை. ஆனால் 2008 ஜனவரியில் தொட்ட 21,000-ஐ மீண்டும் எட்ட 2010 நவம்பர் வரை ஆயிற்று. வேலை போவதும் சந்தை விழுவதும் சேர்ந்தே வரும் என்பதால், வீட்டுச் செலவுக்கு விற்கிறவர் அடிமட்ட விலைக்குத்தான் விற்க நேரும்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிச் சமாளிப்பது மிகவும் ஆபத்து. 60,000 பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வட்டி 2,100, அதன்மேல் ஜிஎஸ்டி 378. குறைந்தபட்சம் 5 சதவீதமாக 3,000 கட்டினால் அசலில் குறைவது 522 ரூபாய்தான். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கையில் மிஞ்சும் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் இதுதான்.

கையிருப்பு கரைந்து நகையை அடகு வைக்கும் நிலை வந்தால், பத்து பவுனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். வளையல் தனியாக, சங்கிலி தனியாக என்று மூன்று நான்கு கடனாகப் பிரித்து வைத்தால், பணம் வர வர ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒரே ரசீதில் வைத்துவிட்டால் பாதிக் கடனை அடைத்தாலும் பாதி நகையைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. தருகிறார்களே என்று உச்சத் தொகையையும் வாங்க வேண்டாம். தங்கத்தின் விலை இறங்கினால் கூடுதல் பணமோ நகையோ கேட்பார்கள். வட்டியையாவது மாதாமாதம் கட்டிவர வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று விடுகிற நகைகள்தான் பெரும்பாலும் ஏலத்துக்குப் போகின்றன.

வேலை போனது தெரிந்ததுமே, முதல் தவணை தவறும் முன்பே, வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேட்க வேண்டும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அதன்பின் பேச்சுவார்த்தைக்கு இடம் குறைவு. கணக்கில் பணமில்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினால், கணக்கு உள்ள வங்கி ஒரு கட்டணமும் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணமும் போடுவார்கள்.

அலுவலகத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. ஆனால் பழைய பாலிசி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் வரும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவைப்பது இன்னும் நல்லது. ஏனென்றால், புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்க மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு. இதையும், புதிய கடனுக்கும் பழைய கடனுக்கும் தவணை எவ்வளவு கூடும் என்ற கணக்கையும் அட்டவணையாகப் போட்டு அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திண்டுக்கல்