மஷிகோ குயவர்கள் வருகிறார்கள்: விறகுக்கும் சாப்பாட்டுக்கும் உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

வரும் செப்டம்பரில் ஜப்பானின் மஷிகோவிலிருந்து இரண்டு குயவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கு வந்து மூன்று வாரம் தங்குகிறார்கள். இங்குள்ள இளம் குயவர்களோடு சேர்ந்து பாண்டங்கள் வனைந்து, விறகுச் சூளையில் சுட்டு எடுப்பது திட்டம். எங்கள் குழுவில் தமிழர்களும் இருப்பதால் வேண்டுகோளைத் தமிழிலும் எழுதுகிறோம்.

இந்த உறவு பழையது. 1920இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியும் ஜப்பானிலிருந்து வந்து கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் மட்பாண்டக் கூடம் தொடங்கினார்கள். அதற்கு முதல் போட்டவர் அவ்வூரில் இருந்த பிரான்சஸ் ஹோர்ன் என்ற பெண்மணி. லீச், ஹமாடா பேரை எல்லோரும் சொல்வார்கள். பணம் கொடுத்த அம்மாவை யாரும் நினைப்பதில்லை! முதலில் கட்டிய சூளை சரிவரவில்லை. அப்புறம் மட்சுபயாஷி என்ற குயவர் ஜப்பானிலிருந்து வந்து, சரிவில் படிப்படியாக ஏறும் மூன்று அறைச் சூளையைக் கட்டித் தந்தார். நாடு திரும்பிய ஹமாடா மஷிகோவில் குடியேறினார். அவரால் அந்த ஊரின் பேர் உலகமெங்கும் பரவியது. 2011 பூகம்பத்தில் மஷிகோவின் சூளைகள் பல இடிந்தபோது கார்ன்வாலிலும் நிதி திரட்டினார்கள்.

சரி, இப்போது பணம் எதற்கு? பிரிட்டன்–ஜப்பான் பரிமாற்றத்துக்கென்றே டைவா, சசகாவா போன்ற அறக்கட்டளைகள் லண்டனில் இருக்கின்றன. இத்தகைய நிதி பெரும்பாலும் செலவில் ஒரு பகுதிக்குத்தான் வரும். விமானச் சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். விறகுக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடம் விண்ணப்பிப்பது? அதற்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

விறகுதான் பெரிய செலவு. ஏறுசூளையில் கீழ் அறையின் அனல் மேல் அறைக்கு ஏறும். ஒவ்வொரு அறையும் பதத்துக்கு வரும்போது பக்கத்துத் துளை வழியாக மெல்லிய விறகைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். ஈர விறகு போட்டால் சூடு ஏறாது, புகைதான் மிஞ்சும். ஆகவே இப்போதே வாங்கிப் பிளந்து, கோடை முழுக்கக் காயப்போட வேண்டும். கார்ன்வாலில் மரமும் அவ்வளவு மலிவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி, இருவருக்கும் சாப்பாடு, பள்ளிப் பிள்ளைகள் வனைந்து பார்க்கும் இரண்டு நாள் பட்டறைக்குக் களிமண் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 4,200 பவுண்டு வேண்டும்.

ஐந்து பவுண்டும் பெரிய தொகைதான். தருகிறவர்களுக்கு ரசீது உண்டு. கணக்கை நிகழ்ச்சி முடிந்த மாதத்திலேயே எல்லோருக்கும் அனுப்புவோம். நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல, அதனால் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசு தரும் வரிச் சலுகை) கிடையாது. தொகை முழுதும் சேராவிட்டால் பட்டறையை ஒரு நாளாகக் குறைப்போம், சூளையை விடமாட்டோம். மிஞ்சினால் அடுத்த ஆண்டு இங்கிருந்து ஒருவர் மஷிகோ போகும் செலவுக்கு வைப்போம். வங்கி விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டுப் பெறுங்கள். மே மாத இறுதிக்குள் வந்தால் விறகு வாங்க வசதி.

பணம் தர முடியாதவர்கள் ஓர் இரவு விறகு போட வரலாம். பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், நைலான் வேண்டாம். டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
குழுவினர்