எல்லை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கிறீர்கள். கட்சிகள் வேறாக இருந்தாலும் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். நாட்டின் எல்லையில் என்ன ஆபத்து இருக்கிறது, போன ஆண்டு என்ன நடந்தது, அதற்கு அரசு என்ன செய்தது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தனி அறிக்கை வைக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறையும் ஆண்டறிக்கை வெளியிடுகின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். வெளியிடுகின்றன. அவற்றில் எல்லையைப் பற்றிப் பக்கங்களும் உண்டு. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது முழுக்க அமைச்சகத்தின் விருப்பம். ஒரு விஷயம் விடுபட்டுப்போனால், அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு 2020 ஒன்றே போதும். ஜூன் 15 இரவு, லடாக் எல்லையில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நான்கு நாள் கழித்து, அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை, நம் நிலை எதையும் யாரும் பிடிக்கவில்லை என்று பிரதமர் சொன்னார். ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஓர் ஆவணம் வந்தது. மே மாதம் கோக்ரா பகுதியிலும் பாங்காங் ஏரியின் வடகரையிலும் சீனப் படையினர் அத்துமீறியதாக அதில் இருந்தது. செய்தி பரவியதும் அந்த ஆவணம் காணாமல் போய்விட்டது. செப்டம்பர் 15 அன்று மக்களவையில், அதே இடங்களில் மே மாதம் சீனா அத்துமீற முயன்றதாகப் பாதுகாப்பு அமைச்சர் அறிக்கை படித்தார். உறுப்பினர்கள் விளக்கம் கேட்க அனுமதி கிடைக்கவில்லை. கோவிட் காரணமாகக் கேள்வி நேரமும் அந்தக் கூட்டத்தொடரில் கிடையாது. மறுநாள் மாநிலங்களவைக்கு உள்துறை எழுத்துமூலம் தந்த பதில், கடந்த 6 மாதங்களில் இந்திய-சீன எல்லையில் ஊடுருவல் ஏதும் பதிவாகவில்லை என்பது.

ஒரே அரசு, ஒரே எல்லை, மூன்று மாதங்களுக்குள் இத்தனை பதில்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் ஒரு விளக்கம் வைத்திருக்கக்கூடும். அந்த விளக்கத்தை உட்கார வைத்துக் கேட்கும் இடம் எது? அது நீங்கள் இருக்கும் அவைதான். உங்களிடம் அந்த வாய்ப்பே இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

2021 நவம்பரில் நடந்தது இன்னும் சங்கடமானது. அருணாசலப் பிரதேசத்தை ஒட்டிய, இரு நாடுகளும் உரிமை கோரும் பகுதியில் சீனா 100 வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தைக் கட்டியிருப்பதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு தொடக்கத்திலேயே செயற்கைக்கோள் படங்களை வைத்து நம் ஊடகங்கள் அதைச் சொல்லியிருந்தன. அந்த நிலம் பல பத்தாண்டுகளாகச் சீனாவின் பிடியில் இருப்பது என்ற விளக்கமும் வந்தது, அது நியாயமான விளக்கம்தான். ஆனால் அமெரிக்கா ஏன் அதை எழுதியது? சீனாவின் ராணுவ பலம் பற்றி ஆண்டுதோறும் தங்கள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது, 2000 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அறிக்கை வந்தாக வேண்டும், ரகசியமானவற்றைத் தனி இணைப்பாகக் கொடுக்கலாம். நம் எல்லை ஓரத்து நிலவரத்தை அவர்கள் உறுப்பினர்கள் முறைப்படி படிக்கிறார்கள். நீங்கள் செய்தித்தாளில் படிக்கிறீர்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. லடாக்கை ஒட்டி நாம் உரிமை கோரும் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டுவிட்ட விஷயம் நாடாளுமன்றத்துக்கு 1959 ஆகஸ்டு கடைசியில்தான் தெரிய வந்தது, அந்தத் தாமதத்துக்காக நேரு கடுமையான கண்டனத்தைச் சந்தித்தார். ஆனால் அடுத்த சில நாட்களில், சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தையே வெள்ளை அறிக்கையாக அவையில் வைத்தார். அப்புறமும் வரிசையாக வெள்ளை அறிக்கைகள் வந்தன. 1962-இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 8 அன்று, நாடாளுமன்றம் முன்கூட்டியே கூடியது. ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனை வந்தபோது நேரு மறுத்துவிட்டார். ஆளுங்கட்சியினர் உட்பட எல்லோரும் திறந்த அவையில் அரசைக் கேள்வி கேட்டார்கள்.

அதே 1962 போரின் தோல்வியை ஆராய்ந்து 1963-இல் ராணுவத்திடம் தரப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதிகாரப்பூர்வமாக வெளியாகவில்லை. 2014-இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். காங்கிரஸ் ஆண்டாலும் பாஜக ஆண்டாலும் அந்த அறிக்கைக்குப் பூட்டுதான். ஆகவே இதைக் கட்சிச் சண்டையாகப் பார்க்க வேண்டாம்.

பாகிஸ்தானுடன் நடந்த கார்கில் போருக்குப் பிறகு செய்தது இதற்கு நேர் எதிர். போர் முடிந்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29 அன்று, வாஜ்பாய் அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்தவர். உளவு எங்கே சறுக்கியது, மலைமுகடுகளில் எதிரி வந்து உட்கார்ந்தது ஏன் தெரியாமல் போனது என்று அக்குழு எழுதியது. சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் வந்தது. அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு, உள்துறையில் எல்லை மேலாண்மைக்கென்று தனித் துறை என்று வேலைகள் நடந்தன. முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு மட்டும் 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிக்கை வெளியானதால் நாட்டுக்கு எந்த நஷ்டமும் வரவில்லை.

வெளிப்படையாகப் பேசினால் வீரர்களின் மனம் தளரும் என்பார்கள். எனக்கு இந்த வாதம் பிடிபடவே இல்லை. சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் வீரர்களுக்குப் பனிக் கண்ணாடிகள் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை என்று 2020-இல் அவைக்கு வந்த சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை சொன்னது. 2012-க்குள் முடிக்க வேண்டிய 61 சீன எல்லைச் சாலைகளில் 2016 மார்ச் வரை 22 மட்டுமே முடிந்திருந்தன என்று 2017-இல் இன்னொரு சிஏஜி அறிக்கை சொன்னது. இவற்றைச் சொன்னது வீரருக்கு நல்லதா, மறைத்திருந்தால் நல்லதா? கண்ணாடி இல்லாமல் பனியில் நிற்பவருக்குப் பற்றாக்குறை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருந்தது நமக்குத்தான்.

ரகசியம் காக்க வேண்டியவை உண்டு, மறுக்கவில்லை. எந்த முகாமில் எத்தனை பேர், எந்தக் கருவி எங்கே என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அதற்கும் வழி கைவசம் இருக்கிறது. மக்களவை விதி 248-இன்படி, அவை முன்னவர் கேட்டால் ரகசியக் கூட்டமே நடத்தலாம். துறைவாரியாக உறுப்பினர்கள் அமரும் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் மூடிய அறையில்தான் கூடுகின்றன. ப. சிதம்பரம் தலைமையில் உள்துறை நிலைக்குழு 2017-இல் எல்லைப் பாதுகாப்பு பற்றி அறிக்கை தந்தது, அதனால் எந்த ரகசியமும் கசியவில்லை.

கிழக்கு லடாக்கில் 65 ரோந்துப் புள்ளிகளில் 26-இல் நம் இருப்பு இல்லாமல் போயிருக்கிறது என்று 2023 ஜனவரியில் ஒரு போலீஸ் மாநாட்டுக்கான கட்டுரை வழியாகத்தான் நாட்டுக்குத் தெரிந்தது. 2024 அக்டோபரில் அங்கேயுள்ள தெப்சாங், தெம்சோக் பகுதிகளுக்குச் சீனாவுடன் ரோந்து உடன்பாடு வந்தது, டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் அவையில் அறிக்கை தந்தார். சரி, அந்த 26 புள்ளிகளில் இன்று எத்தனைக்கு நம் ரோந்து போகிறது? மேய்ச்சல் நிலத்தை இழந்த லடாக் ஆயர்களுக்கு அது திரும்பக் கிடைத்ததா? ஆண்டறிக்கைச் சட்டம் இருந்தால் இதற்கெல்லாம் தேதி குறித்துப் பதில் வரும்.

அடுத்த கூட்டத்தொடரிலேயே உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவரலாம், மற்றவர்கள் கட்சி பாராமல் ஆதரிக்கலாம். அறிக்கையின் திறந்த பகுதி அவைக்கு, மூடிய பகுதி பாதுகாப்பு நிலைக்குழுவுக்கு என்று எழுதுங்கள். பெரிய மோதல் எதுவும் முடிந்தால் கார்கில் போல ஓர் ஆய்வுக் குழு, குறித்த காலத்துக்குள், கட்டாயம் என்பதையும் சேருங்கள். மசோதா எழுதுமுன்பே 1962 அறிக்கையை எப்போது வெளியிடப்போகிறீர்கள் என்று ஒரு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி) போடலாம், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்