வீட்டுல கட்டற காரு: பெட்ரோல் பைப்பை யாரு பாக்கறது?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நம்ம வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் பசங்க பழைய மாருதி எஞ்சின் வாங்கி, ஸ்கொயர் பைப்ல சேசிஸ் வெல்டு பண்ணி சொந்தமா காரு கட்டறாங்க, நீங்களும் போட்டோ போட்டு எவ்ளோ செலவாச்சு லிட்டருக்கு எவ்ளோ ஓடும்னு எழுதறீங்க, சந்தோஷம். ரோட்டுல ஓட்ட ஆர்டிஓ விடுவாங்களா, அது தனி ராமாயணம். ஆனா டேங்க்ல இருந்து எஞ்சினுக்கு பெட்ரோல் எப்படி போவுதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் காட்பாடியில லேத்து வேலை பாக்கற ஆளு, இந்த பசங்க எங்கிட்ட வேலை கொண்டாந்து குடுப்பாங்க, கண்ணால பாக்கறதத்தான் சொல்றேன்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்து ஆடிக்கினே இருக்கும், சேசிஸ் ஆடாது, அதனால ரெண்டுக்கும் நடுவுல சின்ன துண்டு ஓஸ் வேணும், மீதி தூரம் பூரா இரும்பு பைப்தான் போடணும். பசங்க இன்னா பண்றாங்கன்னா, பைப்பை ஆக்சா பிளேடுல அறுத்து, மழமழன்னு இருக்கற அந்த முனையில அப்படியே ஓஸை சொருகி கட்டுக்கம்பி போட்டு முறுக்கிடறாங்க, சில பேரு கொத்தனார் மட்டம் பாக்கற டியூபையே மாட்டறாங்க, அது பெட்ரோல் பட்டு எஞ்சின் சூடும் பட்டா கொஞ்ச நாள்ல மஞ்சளாகி விறைச்சிக்கும், அப்புறம் தட்டுனா உடையும். ஏசி செம்பு பைப்பும் வேணாம், ஆட்டத்துல செம்பு இறுகி இறுகி ஒரு நாள் வெடிப்பு விடும்.

பைப் முனையில ஒரு மேடு இருக்கணும் சார், அதுதான் ஓஸ் கழண்டு போவாம புடிக்கும். அதுக்கு பெரிய மிஷின் வேணாம். பிரேக் பைப்புக்கு டபுள் பிளேர், அதாவது முனையை விரிச்சி ரெண்டா மடிக்கற டூல் எல்லா பட்டறையிலயும் இருக்கும், அதுல மொதல்ல பட்டனை வச்சி அமுக்குனா முனை குமிழ் மாதிரி உப்பும், அப்புறம் கூம்பை எறக்கி உள்ள மடிக்கணும். நமக்கு மொத ஸ்டெப்போட நிறுத்துனா போதும், அந்த குமிழ்தான் மேடு. பைப்பை பைப் கட்டர்ல வெட்டி, உள்ள பிசிறு எடுத்து, காத்து அடிச்சி ஊதிடுங்க, இல்லன்னா தூள் போயி எஞ்சினுக்கு பெட்ரோலை பீச்சற இன்ஜெக்டர்ல உக்காரும். ஓஸ் மேட்டை தாண்டி ஒரு இன்ச்சு உள்ள போகணும், கிளிப் மேட்டு மேலயே வரக்கூடாது, அதுக்கு அந்தாண்ட பைப் மேல வரணும்.

கிளிப்புலயும் விஷயம் இருக்கு. பட்டி பூரா ஓட்டை ஓட்டையா இருக்கற தண்ணி ஓஸ் கிளிப் ரப்பரை அறுக்கும், பட்டி ஓட்டையில்லாம, ஓரம் வெளிப்பக்கம் மடிஞ்சி நட்டு போல்ட்டோட வர்ற கிளிப்தான் இன்ஜெக்சனுக்கு. பெட்ரோலை காத்தோட கலந்து விடற பழைய கார்புரேட்டர் வண்டியில பிரஷர் கம்மி, 3, 4 பிஎஸ்ஐதான், ஆனா இன்ஜெக்டர் வச்ச எம்பிஎஃப்ஐ எஞ்சின்ல 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ கிட்ட வரும், கார் டயருக்கு அடிக்கற காத்தை விட ஜாஸ்தி, அங்க ஓஸ் கழண்டா ஒழுகாது, பீச்சும், கீழ சைலன்சர் சூடா கெடக்கும்.

கடையில பெட்ரோல் ஓஸ் கேட்டா எல்லாம் ஒண்ணுதான்னு எடுத்து நீட்டறாங்க. ஒண்ணு இல்ல. ஓஸ் மேல அச்சு பாருங்க, எஸ்ஏஇ ஜே30ங்கறது ஓஸோட தரக்குறி, அதுல ஆர்7னா கார்புரேட்டருக்கு, 50 பிஎஸ்ஐ தாங்கும், ஆர்9னா இன்ஜெக்சனுக்கு, 100 பிஎஸ்ஐ. டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கி கெடக்கற ஓஸ்னா ஆர்10 வேற. இப்போ பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20, பழைய வண்டியில கழட்டுன ரப்பரை அதுல போட்டா உப்பி பிசுபிசுன்னு ஆயிடும், அந்த அம்பது ரூபா மிச்சம் பாக்காதீங்க.

எலெக்ட்ரிக் பம்பை சாவியில நேரா இணைச்சிட்டா எஞ்சின் நின்னாலும் பம்ப் ஓடிக்கினே இருக்கும், இடிச்சிட்டா யாரு நிறுத்தறது, எஞ்சின் நின்னா பம்புக்கு கரண்டை தானா நிறுத்தற மாதிரி ரிலே போட சொல்லுங்க.

இனிமே இந்த மாதிரி காருக்கு போட்டோ எடுக்க வர்ற உங்க ஆளு ஒரு தடவை குனிஞ்சி அடியிலயும் ஒரு படம் எடுத்து போடட்டும் சார்.

இப்படிக்கு
லேத்துக்காரர், காட்பாடி