செல்லூர் மக்களுக்கு எங்கள் ஐஸ்கிரீம் கடையின் நன்றி

அன்புள்ள நம் தெருக்காரர்களுக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் சாயங்காலம் நம் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்ததைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைக்குழந்தையையும் வயசானவர்களையும் வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு எங்களுக்கும் தெரியும். அந்தப் புழுக்கத்திலும் எங்கள் கடைச் சரக்கைப் பற்றி யோசித்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

எங்களுக்குச் சித்திரைதான் அறுவடை. மழைக்காலத்தில் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுவதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு மாதத்தில்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீம் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த தெம்பில், கடன் வாங்கி இன்னொரு டீப் ஃப்ரீசரும் போட்டிருந்தோம். திருவிழாவுக்காக இரண்டையும் மூடி வரை நிரப்பி வைத்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

பால் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, முதல் நன்றி உங்களுக்கு. டார்ச் லைட்டோடு வந்து, திறக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். நிரம்பியிருக்கும் ஃப்ரீசர் திறக்காத வரைக்கும் குளிரைப் பல மணி நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று சொல்லி, ஜமுக்காளத்தையும் சாக்கையும் போர்த்த வைத்தீர்கள். எது முழுசாக இளகியதோ அதை மறுபடி உறைய வைத்து விற்கக் கூடாது என்பதிலும் கறாராக நின்றீர்கள். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். இளகிய நேரத்தில் அது பெருகிவிடும். அதைத் திரும்ப உறைய வைத்தால் பெரிய பெரிய ஐஸ் துகளாகி நாக்கில் மணல் மாதிரி நெருடும். எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் நஷ்டம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் இருந்து சொல்வது வேறு.

ஐஸ் கம்பெனி அண்ணே, திருவிழா நேரத்தில் ஒரு பார் ஐஸுக்கு சர்பத் கடைக்காரர்கள் எத்தனை பேர் உங்கள் வாசலில் நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? ராத்திரியோடு ராத்திரியாக குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டு, "காசைப் பிறகு பார்ப்போம்" என்றீர்கள். அந்த ஐஸை வைத்துத்தான் அப்பா தன் பழைய வித்தையை எடுத்தார். சாக்கில் போட்டு நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அண்டாவில் கொட்டி, நடுவில் ஐஸ்கிரீம் தூக்குகளை இறக்கினார். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். கணக்குப்படி மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகலாம் என்பார்கள். எங்கள் அண்டாவில் அவ்வளவு இறங்கவில்லை என்றாலும், தூக்கில் இருந்தது கெட்டியாகவே நின்றது. மரவாளியில் கையால் சுற்றி சேமியா ஐஸும் பால் ஐஸும் போட்ட காலத்துப் பாடம். கல்லுப்பு மூட்டையைக் கடைச் சாவியோடு கொடுத்துவிட்டுப் போன மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் இதில் பங்கு உண்டு.

மீன்கடை பாய், உங்கள் தெர்மாகோல் பெட்டிகளை நாங்கள் வாங்கிக்கொள்ளாததில் வருத்தம் வேண்டாம். ஐஸ்கிரீம் பக்கத்தில் இருக்கும் வாடையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். வஞ்சிரம் வாசத்தில் மாம்பழ ஐஸ்கிரீம் சாப்பிட நம் செல்லூர்க்காரர்களே தயங்குவார்கள்.

பக்கத்துத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் என்பது பெரிய புண்ணியம். அங்கே இருக்கும் அத்தைமார்கள், மதினிமார்கள் யாரும் நாங்கள் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. இறுகியிருந்த கப்புகளைப் பையன்கள் சைக்கிளில் கொண்டு வரக் கொண்டு வர, ஃப்ரீசரைக் காலி செய்து வாங்கி வைத்தீர்கள். ஒரு வீட்டில் அதற்காகவே அன்று ராத்திரி நெத்திலிக் குழம்பு ஆனதாகக் கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கப்புக்குக் காவல் இருந்தபடியே கொஞ்சம் வரி வசூலித்ததும் தெரியும். அது கணக்கில் வராது.

பலாப்பழமும் கருப்பட்டியும்தான் முதலில் இளக ஆரம்பித்தன. இனிப்பு கூடக் கூட உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் கேட்கும். அதனால் மற்றவை தாங்கும்போதே இவை தளர்ந்துவிடும். முழுசாக இளகுமுன் கொடுத்துவிடலாம் என்று பாதி விலை சொன்னோம். நீங்களோ முழு விலையைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனீர்கள். பேரம் பேசாத செல்லூரை அன்றுதான் பார்த்தேன்!

மிட்டாய்க்கடை மாஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மறுநாள் போடுவதற்காகக் காய்ச்சி ஆற வைத்த பால் கலவை அண்டா நிறைய இருந்தது. ஃப்ரீசரில் ஏறாதது, புளிக்கவும் தொடங்காதது. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க, சாதாரண வகையில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவர எண்ணெய் சேர்த்தால் அதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் பெயர். அப்படிப் பாலும் க்ரீமும் சர்க்கரையுமாக இருந்த கலவையைக் கொட்ட மனசு வரவில்லை. மாஸ்டர் ருசி பார்த்துவிட்டு, "இது பாதி பால்கோவாதானப்பா" என்று விறகடுப்பை மூட்டிவிட்டார். விடிய விடியக் கிண்டினார். கூலி என்று நீட்டியதை வாங்கவும் இல்லை. அந்தக் கோவாவை நீங்கள் ஒரே நாளில் தீர்த்துவிட்டதால், இனி மாதம் ஒரு முறையாவது போடச் சொல்லி அம்மா மாஸ்டரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

காதுகுத்து விசேஷத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்த குடும்பத்தாருக்கு: சொன்ன கப்பில் பாதிதான் எங்களால் தர முடிந்தது. முன்பணத்தைத் திருப்பித் தந்தபோது, "அடுத்த பிள்ளைக்கு வச்சுக்கோங்க" என்று சிரித்தீர்கள். வைத்திருக்கிறோம்.

கம்பத்தில் ஏறி வேலை பார்த்த லைன்மேன் அண்ணன்மார்களே, வேலை முடிந்ததும் கடைக்கு வராமலே போய்விட்டீர்கள். உங்கள் பங்கு நுங்கு ஐஸ்கிரீம் இருக்கிறது. எந்த நாள் வந்தாலும் கிடைக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். அன்றைய அவசரத்தில் கைமாறிய பாத்திரங்கள் இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கின்றன: "கா.மு." என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, பச்சை மூடி போட்ட ஹாட் பாக்ஸ், கோடு போட்ட ஜமுக்காளம் ஒன்று. யாருடையது என்று கேட்டால் எல்லோரும் "என்னது இல்லை" என்கிறீர்கள். உரியவர்கள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளவும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அம்மாதான் கல்லாவில் இருப்பார்.