காத்தாடிக்கு அடியில் வளரும் பிள்ளைகளுக்கு ஆடி மாதத்தில் ஒரு கல்விச் சுற்றுலா வேண்டி மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மேல்நிலைப் பள்ளி,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் 46 பேர் நிலக்கரி, காற்று, சூரிய மின்சாரத்தை நேரில் பார்த்து அறிய இரண்டு நாள் கல்விச் சுற்றுலா – நுழைவு அனுமதியும் பேருந்து உதவியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஊரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் காத்தாடி, அதாவது காற்றாலை தெரியும். ஆடி பிறந்துவிட்டால் ராத்திரி முழுக்க அதன் இரைச்சலில்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அதன் நிழலில் ஆடு மேய்க்கிறோம், திண்ணையில் பீடி சுற்றுகிறோம். சிலருடைய பாட்டன் நிலத்தில்தான் அது நிற்கிறது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது.

என் மகள் போன மார்கழியில் ஒரு கேள்வி கேட்டாள். "ஆடியில இந்தச் சுத்து சுத்துதே, இப்ப ஏம்மா சும்மா நிக்குது? அப்ப நம்ம வீட்டுக்குக் கரண்ட் எங்க இருந்து வருது?" எனக்குப் பதில் தெரியவில்லை. இயற்பியல் ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால் மே முதல் செப்டம்பர் வரை இங்கே காற்று பலமாக இருக்கும், அப்புறம் அது அடங்கிவிடும், அந்த மாதங்களில் பெரும்பாலும் நிலக்கரிதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்றார். "சொன்னால் பாதிதான் புரியும், காட்டினால் முழுசாகப் புரியும்" என்றும் சொன்னார். இந்த மனு அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.

போன வருடம் அந்த ஆசிரியை இருபது பிள்ளைகளை நடத்தியே ஊர் எல்லையில் உள்ள ஒரு காற்றாலைக்குக் கூட்டிப் போனார். காவலாளி எங்கள் ஊர்க்காரர்தான். "நான் என்ன டீச்சர் செய்ய, ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். இரண்டு கடிதம் எழுதினோம், பதில் இல்லை. வேலி ஓரமாக நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் கடிதத்துக்குத் திறக்காத கதவு ஆட்சியர் அலுவலகக் கடிதத்துக்குத் திறக்கும் என்று நம்பித் தங்களிடம் வருகிறோம்.

நாங்கள் போக நினைப்பது ஐந்தே இடங்கள். முதல் நாள் காலை தூத்துக்குடி அனல்மின் நிலையம். 1979-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய இடம், ஐந்து அலகும் சேர்ந்து 1,050 மெகாவாட். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி எப்படி நெருப்பாகி, நீராவியாகி, மின்சாரமாகிறது, மிஞ்சும் சாம்பல் எங்கே போகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதைக் குற்றம் சொல்லக் கூட்டிப் போகவில்லை. காற்று அடங்கிய மாதங்களில் எங்கள் வீட்டு விளக்கு எரிய அங்கே வேலை பார்ப்பவர்களும் காரணம். அவர்களோடு பிள்ளைகள் பேச வேண்டும்.

அங்கிருந்து முள்ளக்காடு வழியாகத் திரும்பலாம். நாட்டின் முதல் காற்றாலைகளில் சில 1986-இல் அங்கேதான் நின்றன, ஒவ்வொன்றும் 55 கிலோவாட் அளவில். இன்று ஒரே காத்தாடி 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. மாலையில் கயத்தாறு. தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் அங்கே இருக்கிறது. காற்றாலைகளை எப்படிச் சோதித்துச் சான்று தருகிறார்கள் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை. டாடா பவரின் சூரிய மின்தகடு தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் முதலமைச்சரால் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் (4,300 மெகாவாட்) அளவுக்குத் தயாரிக்கும் திறன் கொண்டது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 46 பேரில் 27 பேர் பெண் பிள்ளைகள் என்பதால் எங்களுக்கு இந்த இடம் மிக முக்கியம். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணமா படிப்பா என்ற பேச்சு எங்கள் வீடுகளில் இன்னமும் நடக்கிறது. அங்கே ஒரு அக்கா இயந்திரம் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வரும் பெண், வீட்டில் வேறு மாதிரிப் பேசுவாள். கடைசியாக, கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல். அங்கே ஒரே ஒரு கோபுரத்தின் கதவைத் திறந்து உள்ளே காட்டினால் போதும். யாரையும் ஏறச் சொல்லவில்லை.

2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராத 5 லட்சம் மெகாவாட் மின்திறன் என்பது நாட்டின் இலக்கு. நிறுவப்பட்ட திறனில், அதாவது எல்லா மின் நிலையமும் முழு அளவில் ஓடினால் தரக்கூடியதில், பாதி 2025-லேயே அப்படி ஆகிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் மகளின் கேள்வி. அதைச் சரிசெய்யப் போகும் தலைமுறையும் இவர்கள்தான்.

தேதி பற்றி ஒரு வேண்டுகோள். வழக்கமாகச் சுற்றுலா டிசம்பர், ஜனவரியில்தான் போகும். அப்போது போனால் நிற்கும் காத்தாடியைத்தான் பார்க்க முடியும். ஆகவே ஆடி மாதத்தில், காலாண்டுத் தேர்வுக்கு முன்பாக, பொறியாளர்கள் பணியில் இருக்கும் ஒரு வியாழன், வெள்ளி கிடைத்தால் நல்லது. பழைய காற்றாலைகளை இறக்கிவிட்டுப் புதியவை நிறுவ மாநில அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இன்னும் எத்தனை வருடமோ.

மூன்று மாவட்டம், மாநில மின் நிறுவனம், மத்திய நிறுவனம், தனியார் ஆலை என்று பல கதவு தட்ட வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆட்சியர்களுக்கும் அந்தந்த நிறுவனங்களுக்கும் தாங்கள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். ஒரு பேருந்தும், திருநெல்வேலியில் ஓர் இரவு அரசு விடுதியில் தங்க இடமும் வேண்டும். செலவுக்கு, எங்கள் வட்டத்தில் காற்றாலை நடத்தும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவி பெற்றுத் தரக் கேட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டுச் செலவைப் பெற்றோரே பகிர்ந்துகொள்கிறோம். இரண்டு ஆசிரியைகள், ஓர் ஆசிரியர், இரண்டு தாய்மார்கள் உடன் வருவார்கள்.

46 பெற்றோரின் சம்மதக் கடிதங்களும், தலைமையாசிரியரின் ஒப்புதலும், பயணத் திட்டமும் இணைத்திருக்கிறோம். பிள்ளைகள் எழுதித் தந்த கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம். போகும் இடத்து அதிகாரிகளுக்கு அவற்றை முன்கூட்டியே அனுப்பிவைத்தால், அவர்கள் பதிலோடு காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தலைவர்,
பள்ளி மேலாண்மைக் குழு.